தலை மட்டும்தான் ஆடியது

என்னைக் கேட்காமல் எனக்குக் கல்யாணம் பேசினார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்டார்கள். நடுக்கூடத்தில் ஜமக்காளம் விரித்து, இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, மிக்சர் தட்டுகள் பாதி காலியான நேரத்தில், முறையாகக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் தலை ஆடிவிட்டது. அதற்கு முன் என்னை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததே கிடையாது. பார்த்த அந்த ஒரு நிமிஷத்திலா இந்தப் பாழாய்ப்போன கழுத்து இப்படிச் செய்ய வேண்டும்!

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நைனாவுக்குச் செஞ்சி கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. ஆணி, பூட்டு, கிணற்றுக் கயிறு, அரிக்கேன் விளக்கு, அந்த விளக்குக்கான கண்ணாடிச் சிம்னி எல்லாம் கிடைக்கும். வீட்டில் நைனா, அம்மா, நான். எங்கள் மூன்று பேருக்கும் மேலே அத்தை. நைனாவின் அக்கா. அத்தைக்கு இரண்டு தெரு தள்ளி சொந்த வீடு இருந்தது. அங்கே அவள் தூங்க மட்டும் போவாள்.

நான் தபாலில் பி.ஏ. தத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். தத்துவத்தின் மேல் ஆசைப்பட்டு எடுத்ததில்லை. சயன்ஸ் எடுத்தால் லேபுக்குப் போக வேண்டும், லேபுக்குப் போக விழுப்புரம் பஸ் ஏற வேண்டும், பஸ் ஏறினால் பெண் கெட்டுப்போய்விடும். தத்துவத்துக்கு ஒன்றும் வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் யோசித்தால் போதும். வீட்டுக்குள் உட்கார்ந்தே கெட்டுப்போக வசதியான படிப்பு அது என்று நைனாவுக்குத் தெரியவில்லை. "தத்துவம்னா நல்லதுதானே, காலண்டர்லயே டெய்லி ஒண்ணு போடறான்" என்று பணம் கட்டிவிட்டார்.

மாதம் ஒரு கட்டு பாடம் வரும். மை அப்பிய அச்சு, பாதி எழுத்து மறுபக்கம் தெரியும். கடைசி வருஷத்தில் வந்த ஒரு பாடத்துக்குத் தலைப்பு 'செயலும் உடலசைவும்'. ஒரு மனுஷி கையை உயர்த்துகிறாள். இன்னொருத்தியின் கை தானாக உயர்கிறது. வெளியே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் முதலாவது செயல், இரண்டாவது வெறும் அசைவு. அப்படியானால் முதலாமவளிடம் கூடுதலாக இருப்பது என்ன என்று கேட்டு, பதிலைச் சொல்லாமலே பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தார்கள். இதெல்லாம் ஒரு பாடமா, பொழுதுபோகாதவர்கள் எழுதியது என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த வாரமே பெண் பார்க்க வந்தார்கள்.

பையன் வீடு அவலூர்பேட்டை. அவர்களுக்கு அங்கே ஜவுளிக் கடை. பையன் நல்ல பையனா கெட்ட பையனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் பேசியது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் மிக்சர் கடையில் வாங்கியதா வீட்டில் செய்ததா என்று. அவனுடைய அம்மாதான் பேசினாள். கல்யாணம் தை மாசத்தில் வைத்துவிட வேண்டும் என்றாள். எனக்குப் பரீட்சை வைகாசியில் என்று அம்மா மெதுவாகச் சொன்னதற்கு, "படிச்ச வரிக்கும் போதும் சம்பந்தி, எங்க வூட்ல தத்துவம் பேசறதுக்கு என் வூட்டுக்காரரே இருக்காரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வருஷம் படித்து, கடைசிப் பரீட்சைக்கு ஆறு மாதம் முன்னால், ஒரு சிரிப்பில் என் படிப்பு முடிந்துபோனது. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த காபித் தட்டு நடுங்கியது. அதையும் வெட்கக் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நைனா முற்போக்கானவர். "என் பொண்ணைக் கேக்காம நான் தலையே அசைக்க மாட்டேன்" என்று கடைத்தெருவில் பத்துப் பேரிடம் சொல்லி வைத்திருந்தார். சொன்னபடி எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இன்னாம்மா, உனக்குச் சம்மதமா? தகிரியமா சொல்லு" என்றார். எவ்வளவு பெருமை அந்த முகத்தில்! நான் 'பரீட்சை முடியட்டும் நைனா' என்று சொல்வதற்கு மூச்சை இழுத்தேன்.

அன்று காலையில் அம்மா என் தலையில் நாலு முழம் மல்லிகை வைத்திருந்தாள். மலையடிவார வெயில் எங்கள் ஊரில் கார்த்திகையிலும் சுள்ளென்று அடிக்கும். பூ வாடாமல் இருக்கச் சொம்புத் தண்ணீரில் கையை நனைத்து இரண்டு தரம் தெளித்துவிட்டிருந்தாள். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு இத்தனை நேரம் பூவுக்குள் காத்திருந்து, நைனா கேள்வி கேட்டு முடித்த நொடியில் பிடரியில் விழுந்து, ரவிக்கைக்குள் முதுகுத்தண்டு வழியாக ஜில்லென்று இறங்கியது. உடம்பு சிலிர்த்தது. தலை ஒரு வெட்டு வெட்டி ஆடியது.

"தலையாட்டிடுச்சி! பொண்ணு தலையாட்டிடுச்சி!" என்று அத்தை கத்தினாள். "இல்ல அத்த, அது..." என்று நான் ஆரம்பித்ததும் வாயில் ஒரு கை சர்க்கரையைத் திணித்தாள். வாய் நிறைய சர்க்கரையை வைத்துக்கொண்டு எதையும் மறுக்க முடியாது. முயற்சி செய்து பார்த்தவள் சொல்கிறேன்.

அவர்கள் பஸ் ஏறிப் போனதும் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். "நான் தலையாட்டலம்மா. பூவுலருந்து தண்ணி சொட்டுச்சி. கூச்சத்துல உடம்பு உதறிடுச்சி." அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "தண்ணியா?" என்றாள். பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். என் அம்மாவிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் நைனாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அத்தையும் கூடவே வந்தாள். கடையில் சிம்னிகள் அடுக்கியிருக்கும் பலகைக்கு மேல் நைனாவின் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கும்: 'உடைத்தால் பொறுப்பு உங்களுடையது.' யாராவது முழங்கை பட்டுச் சிம்னியை உடைத்துவிட்டு, "வேணும்னு பண்ணலீங்க, கை பட்டுடுச்சி" என்பார்கள். நைனா ஒரே வரியில் வழக்கை முடிப்பார். "கை உன்னுதுதானே?" அந்த வரிக்கு எதிராகச் செஞ்சி தாலுகாவில் யாரும் ஜெயித்ததில்லை.

நான் பாடத்தை விளக்கினேன். தலை ஆடுவது வேறு, தலையை ஆட்டுவது வேறு என்றேன். நைனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தலை உன்னுதுதானே?" என்றார்.

"என்னுதுதான் நைனா. ஆனா நான் ஆட்டல. தும்மல் வருது, நாமளா தும்மறோம்?"

"பின்ன, பக்கத்து வூட்டுக்காரியா தும்மறா?" என்றாள் அத்தை.

"டாக்டரு முட்டியில சுத்தியால தட்டினா காலு தன்னால தூக்குது இல்ல? அது மாதிரி."

"உன் கழுத்துல எந்த டாக்டரு தட்டினாரு?"

நைனா குறுக்கே வந்தார். "இருவது பேரு பாத்தாங்கம்மா. உள்ளுக்குள்ள நீ இன்னா நினைச்சியோ அது யாருக்குத் தெரியும்? ஆட்டினது எல்லாருக்கும் தெரியும்." பாடத்தில் பதினெட்டுப் பக்கம் எழுதியவர்கள் நைனாவிடம் ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் இரண்டு பக்கத்தில் முடித்திருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கோட்டைப் பக்கமிருந்து வந்த குரங்கு ஒன்று தகரக் கூரையிலிருந்து தொங்கி, அத்தையின் பையிலிருந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அத்தை எழுந்து தெருவுக்கே போய்விட்டாள். "பாரு அதும் மூஞ்சிய! வேணும்னே பண்ணுது! நேத்தே வந்து பாத்துட்டுப் போயி, திட்டம் போட்டு வந்திருக்குது!" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரங்குக்கு எண்ணம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, நேற்றும் இன்றும் இருக்கிறது. எனக்கு ஒரு கழுத்து மட்டும்தான் இருக்கிறது.

நிச்சயத்துக்கு முன்னால் குலதெய்வத்துக்குக் கிடா வெட்ட வேண்டும் என்றாள் அத்தை. கோயில் சிங்கவரம் போகிற பாதையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. மாட்டு வண்டியில் போனோம். கிடாவுக்கு மாலை போட்டு, மஞ்சள் பூசி, சாமி முன்னால் நிறுத்தினார்கள். எங்கள் சாமி நியாயமான சாமி. ஆட்டின் சம்மதமில்லாமல் வாங்கிக்கொள்ளாது. ஆட்டின் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சம்மதம் என்று அர்த்தம்.

சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான். அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு குடம் ஊற்றினார்கள், ஆடு சும்மா நின்றது. "உத்தரவு குடு தாயே" என்று இன்னொரு குடம். நின்றது. அத்தை பொறுமை இழந்து முன்னால் போய் ஒரு சொம்புத் தண்ணீரை நேராக அதன் காதுக்குள் ஊற்றினாள். ஆடு தலையிலிருந்து வால்வரை உதறியது. "சிலுப்பிடுச்சி! சம்மதம் குடுத்துடுச்சி!" அதே குரல். அதே சந்தோஷம். சர்க்கரை மட்டும்தான் பாக்கி.

எனக்கு அழுகை வந்தது. ஆட்டுக்காக இல்லை என்று எனக்கே தெரிந்ததால் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவள் ஆட்டைப் பார்த்தாள், தரையில் கிடந்த சொம்பைப் பார்த்தாள், என் பின்னந்தலையைப் பார்த்தாள்.

கறி வெந்துகொண்டிருந்தபோது பூசாரியிடம் போய்க் கேட்டேன். "சிலுப்பாத ஆடுன்னு ஒண்ணு உண்டா?"

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சிம்மா" என்றார் அவர். "ஏழு கொடம் ஊத்தினோம். காதுல ஊத்தினோம், மூக்குல ஊத்தினோம். கல்லு கணக்கா நின்னுக்கினு இருந்துச்சி. இன்னா பண்றது, சாமிக்கு வேணாம் போலன்னு அவுத்து வுட்டுட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? மேஞ்சிக்கினு கெடந்துச்சி. வயசாயி செத்துச்சி."

வண்டியில் திரும்பி வரும்போது நான் முடிவு செய்துவிட்டேன். பேசினால் சர்க்கரை போடுகிறார்கள், அசைந்தால் சம்மதம் என்கிறார்கள். எனவே நிச்சயத்தன்று அசைவதில்லை.

நிச்சயம் அதே கூடத்தில், அதே ஜமக்காளத்தில். பையனுடைய அம்மா பித்தளைத் தட்டில் புடவை, தேங்காய், மஞ்சள், குங்குமச் சிமிழ், கண்ணாடி வளையல் எல்லாம் வைத்து நீட்டுவாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போய் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். வாங்கினால் முடிந்தது. காலையில் என் தலையைப் பார்த்துவிட்டு அத்தை அம்மாவைக் கடிந்துகொண்டாள். "ஏம்மா, பூவு வாடிப் போயிருக்குதே, ரெண்டு சொட்டு தண்ணி தெளிக்கக் கூடாதா?" அம்மா, "மறந்துட்டேன் அண்ணி" என்றாள்.

தட்டு நீட்டப்பட்டது. நான் அசையவில்லை.

ஒன்றும் செய்யாமல் இருப்பதைப் போல ஒரு வேலை இந்த உலகத்தில் கிடையாது. மூக்கு நுனியில் ஒரு ஈ உட்கார்ந்தது. முழங்கால் அரித்தது. தொண்டையில் எச்சில் ஊறி, அதை விழுங்கினால் தலையாட்டியதாக ஆகிவிடுமோ என்று விழுங்காமல் வைத்திருந்தேன். மூன்று வருஷம் தபாலில் படித்ததை விட அந்தப் பத்து நிமிஷத்தில் அதிகம் படித்தேன். என் உடம்பில் ஒரு மயிர்கூட அசையவில்லை, ஆனால் என் வாழ்க்கையில் அதுவரை நான் செய்த எல்லாக் காரியங்களிலும் பெரிய காரியத்தை அப்போதுதான் செய்துகொண்டிருந்தேன். இது பாடத்தில் இல்லை.

கூட்டம் அதைச் செயலாக எடுத்துக்கொண்டதா? "வெக்கம்" என்றார் ஒருவர். "நல்லா வளத்திருக்கீங்க" என்றார் இன்னொருவர். ஆடினால் சம்மதம், ஆடாவிட்டால் வெட்கம். எனக்குத் தெரிந்து அந்தச் சிலுப்பாத ஆட்டுக்குக்கூட இவ்வளவு மோசமான ஜனங்கள் வாய்க்கவில்லை.

பிறகு குடங்கள் வந்தன. முதல் குடம் அத்தையின் கொஞ்சல். இரண்டாவது அவள் என் தொடையில் கிள்ளியது. மூன்றாவது நைனா. "வாங்கிக்கம்மா" என்றார், அதற்குள் கண் கலங்கிவிட்டது. அதுதான் எல்லாவற்றிலும் ஜில்லென்ற தண்ணீர். நைனாவை நான் அப்படிப் பார்த்ததில்லை. முற்போக்கு எல்லாம் போய், கடைத்தெருவில் நாளைக்கு எப்படி நிற்பது என்ற பயம் மட்டும் அந்த முகத்தில் இருந்தது. பாவமாக இருந்தது. இருந்தாலும் நின்றேன். பையனுடைய அம்மாவுக்குக் கை வலித்து, தட்டு மெதுவாக இறங்கத் தொடங்கியது.

அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏம்மா, இன்னா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற? பெத்தவதானே, அவ கையப் புடிச்சித் தூக்கி வாங்க வை!" என்று அம்மாவை அதட்டினாள். அம்மா வந்தாள். எனக்குப் பின்னால் நின்று, என் இரண்டு கைகளையும் அடியிலிருந்து பிடித்துத் தூக்கினாள். என் கைகள் உயர்ந்தன. நான் உயர்த்தவில்லை. பாடத்தில் சொன்ன இரண்டாவது மனுஷி நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாகூட இப்படிச் செய்கிறாளே! என் உள்ளங்கைகளுக்குக் கீழே அவளுடைய உள்ளங்கைகள் கல் மாதிரி நின்றன. பையனுடைய அம்மா தட்டை வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். என் கைக்கு அடியில் இருந்த கைகள் இல்லாமல் போயின.

தட்டு தரையில் விழுந்த சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். வளையல் அத்தனையும் நொறுங்கின. குங்குமம் ஜமக்காளத்தில் கொட்டியது. தேங்காய் உருண்டு பையனை நோக்கிப் போக, அவன் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டான். எங்கள் வீட்டில் அவன் சொந்தமாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

முதலில் அம்மாதான் பேசினாள். "என் கைதான் வழுக்கிடுச்சி. எண்ணெக் கை." நைனா உடனே, "கை வழுக்கிடுச்சி, இன்னா பண்ண முடியும், வேணும்னா பண்ணாங்க?" என்று கைகூப்பினார். சிம்னி உடைத்த ஒருவனுக்கும் கிடைக்காத மன்னிப்பு. ஆனால் சகுனத்துக்கு மன்னிப்பு கிடையாது. "தட்டே வியுந்துடுச்சி, இதுக்கு மேல இன்னா இருக்குது" என்று பையனுடைய அம்மா எழுந்தாள். நாலு மணி பஸ்ஸுக்கு அவலூர்பேட்டைக்காரர்கள் மொத்தமாகப் போய்விட்டார்கள்.

அத்தை ஒரு வாரம் விசாரணை நடத்தினாள். விரலை மடக்கினாயா, விரித்தாயா என்று என்னைக் குடைந்தாள். குரங்கின் திட்டத்தைக் கண்டுபிடித்தவள், அம்மாவை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்மா ஒரு காரியத்தைச் செய்யக்கூடியவள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இதைச் சொல்ல இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, இந்த முறை நிஜமான வெட்கம்.

வைகாசியில் விழுப்புரம் பஸ் ஏறிப் போய்ப் பரீட்சை எழுதினேன். கெட்டுப்போகவில்லை. 'செயலையும் உடலசைவையும் தக்க உதாரணங்களுடன் வேறுபடுத்துக' என்று கேள்வி வந்திருந்தது. தும்மல், முட்டி, ஆடு, குரங்கு என்று எட்டுப் பக்கம் எழுதினேன். ஒரு உதாரணத்தை மட்டும் எழுதவில்லை. அது செயலா அசைவா என்று எனக்கே தெரியாதபோது எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனேன். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பானையை அம்மா தினமும் கந்தல் துணியைப் பிடித்து இறக்குவாள். எனக்குத் தெரிந்து அவள் கையிலிருந்து ஒரு கரண்டிகூட விழுந்ததில்லை.

"அம்மா, உண்மையச் சொல்லு. அன்னைக்குக் கை வழுக்கிச்சா, நீயா வுட்டியா?"

அம்மா அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பூவுல தண்ணி தெளிச்சது நான்தானேடி" என்றாள்.

சொல்லிவிட்டுத் துணியை மடித்துப் பிடித்து, கொதிக்கிற பானையைத் தூக்கி இறக்கி வைத்தாள். ஒரு பருக்கை சிந்தவில்லை.